மன்றத்தில் எங்கள் தெரு

வடசென்னையின் பட்டாளம் பகுதியில் நான் வளர்ந்த தெருவுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை செய்தி வந்துகொண்டே இருக்கும். காலையில் முனைப் படிப்பகத்துக்குத் தினத்தந்தியும் முரசொலியும் வரும். ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி. சரோஜ் நாராயணசுவாமியின் குரல் ஒரே நேரத்தில் எல்லா வீட்டு ஜன்னலிலும் கேட்கும். சாயங்காலம் டீக்கடையில் மாலை முரசும் மக்கள் குரலும் கிளிப்பில் தொங்கும். பி அண்ட் சி மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சட்டையில் ஒட்டிய பஞ்சோடு நின்று வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது உரக்க வாசித்துச் சொல்வார்கள். எங்கள் நைனா அப்படி வாசிக்கிறவர்களில் ஒருவர். நாட்டில் ஆட்சி மாறியதும், போர் மூண்டதும், நடிகர் கட்சி தொடங்கியதும் அவர் குரலில்தான் எங்கள் தெருவுக்குத் தெரியவந்தது.

எங்கள் சொந்தச் செய்திகளுக்கு வேறு இடம் இருந்தது. அது அடிபம்பு. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே குடங்கள் வரிசை கட்டும். இன்றைக்குத் தண்ணீர் லாரி வருமா, ரேஷன் கடையில் சீமெண்ணெய் போட்டாயிற்றா, எந்த வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இந்தச் செய்திகளில் ஒன்றுகூடப் பத்திரிகைக்குப் போனதில்லை. வடசென்னையைப் பற்றிப் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் வெட்டு, குத்து, கைது. புளியந்தோப்பு என்று தலைப்பில் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வடசென்னையில் லட்சக்கணக்கான பேர் குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், கழிவுநீர் கலந்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

இத்தனைக்கும் அரசியல் தெரியாத பகுதி அல்ல அது. இந்தியாவின் முதல் அமைப்புசார்ந்த தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் எங்கள் மில் தொழிலாளர்களுக்காகத் தோன்றியதுதான். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் இங்கே வந்து பேசியதை நைனா தன் தகப்பனார் சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொல்வார். இன்று எங்கள் மண்டலத்தின் பெயரே திரு.வி.க. நகர். சங்கக் கூட்டம், கட்சிக் கூட்டம், படிப்பக விவாதம் என்று பேச்சிலேயே வளர்ந்த ஊர். ஆனாலும் என் இளம் வயதில் எங்கள் தெருவின் சாக்கடையைப் பற்றிப் பேச எங்களுக்கென்று ஓர் ஆள் இல்லை.

அதற்கான காரணத்தை நைனாதான் சொன்னார். 1688-ல் தொடங்கியது சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மூத்தது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது இந்த மன்றம்தான். 1959-ல் தி.மு.க. முதலில் பிடித்தது இந்த மன்றம் கூடும் ரிப்பன் மாளிகையை. கோட்டைக்குப் போனது அதற்கு 8 ஆண்டு கழித்து. அப்படிப்பட்ட மன்றத்தை 1973-ல் கலைத்தார்கள். கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்ததாகப் பெரிய ஊழல் வெடித்தது, அதுதான் காரணம். அதற்குப் பிறகு 1996 வரை, 23 ஆண்டுகள், சென்னைக்கு மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. தனி அலுவலர்கள் நடத்தினார்கள்.

"அப்பல்லாம் கவுன்சிலரு நம்ம கூடத்தான் டீக்கடைல குந்தினு இருப்பாரு. லைட்டு எரியலன்னா அங்கயே கேப்போம்" என்று நைனா சொல்லும்போது எனக்கு நம்ப முடியாது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த அரசாங்கம் ஜீப்பில் வந்து ஜீப்பில் போவது. அதில் நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்து சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தார், ஆட்களை அனுப்பினார். பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்தவருக்கு எங்கள் தெரு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஊழல் செய்தவர்கள் சிலர். தண்டனையைச் சுமந்தது முழு நகரமும், அதுவும் ஒரு தலைமுறைக் காலம். இன்றுவரை இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

உயர்நிலைப் பள்ளிக்குப் போன காலத்தில் நான் தெருவுக்கு மனு எழுதுகிறவள் ஆனேன். எதிர்வீட்டு ஆயாதான் தொடங்கி வைத்தார். "பாப்பா, நீதான் நல்லா எய்துவியே, இந்தத் தண்ணி நாத்தத்தப் பத்தி ஒரு மனு எய்திக் குடு கண்ணு" என்று நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று பள்ளியில் கற்றுத் தந்தபடியே எழுதினேன். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றையொட்டி ஒன்று போகின்றன, இரண்டும் பழசு, மழை பெய்தால் குடிநீர் கறுப்பாக வருகிறது. கீழே பெண்களின் கையெழுத்துகள், கைநாட்டுகள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சீல் குத்தி நகல் கிடைக்கும். ஆயா அந்த நகல்களை ரேஷன் கார்டோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டியில் காகிதம் சேர்ந்தது. குழாய் மாறவில்லை.

1996-ல் எங்கள் வாழ்க்கையில் பல விஷயங்கள் ஒன்றாக மாறின. மில் மூடப்பட்டது, சங்குச் சத்தம் இல்லாத காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னையாக மாறியது. அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. நகரங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தே தீர வேண்டும் என்று அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் பலனாக எங்களுக்கு ஒரு வார்டும் ஒரு வாக்கும் திரும்பக் கிடைத்தன. மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு ஒரு சீட்டு. சென்னை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார். வேலை போன துக்கத்தில் பல நாள் வெளியே வராத நைனா அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஜெயித்தவர் பக்கத்துத் தெருக்காரர். காலையில் வாசலில் இட்லி விற்றவர். அவர் கட்சிக்கு எங்கள் வீட்டில் யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆனால் மறுநாள் அடிபம்பில் அவரும் குடத்தோடு நின்றார், பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். "யக்கா, மொதல்ல இந்தக் கொயாய மாத்திக் குடு, அப்பாலதான் மத்தது" என்று ஆயா அதட்டினார். தன் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்தார்.

கவுன்சிலர் ஆனதும் அவருக்குத் தெரியவந்த முதல் உண்மை, தன் கையில் இருப்பது எவ்வளவு குறைவு என்பது. குடிநீரும் கழிவுநீரும் 1978-லேயே தனி வாரியத்துக்குப் போய்விட்டன. மின்சாரம் வேறு வாரியம், பஸ் வேறு கழகம், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமம், போலீஸ் மாநில அரசு. மாநகராட்சியின் கையில் மிஞ்சியவை சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா, சொத்துவரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ். எங்களுக்கு வேண்டியதோ எல்லா அலுவலகங்களிலும் சிதறிக் கிடந்தது. அவர் எல்லா அலுவலகத்துக்கும் போனார். தன் அதிகாரத்தில் இல்லாததற்கும் போய் நின்றார். கவுன்சிலரின் வேலை என்னவென்று சட்டப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சிதறிக் கிடக்கும் அரசாங்கத்தைத் தெருவில் நிற்கிற ஒரு பெண்ணுக்காக ஒன்றுசேர்ப்பதுதான் அந்த வேலை.

ஒரு மாதம் மன்றக் கூட்டத்துக்கு எங்களில் சிலருக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். ஆயா, அம்மா, நான், இன்னும் இரண்டு பெண்கள் சூளை வழியாக நடந்தே போனோம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் வெளியிலிருந்து பார்த்த வெள்ளைக் கட்டடம் அது. 1913-ல் திறந்தது. அதன் மாடிப்படியில் எங்கள் தெருப் பெண்கள் ஏறியது அன்றுதான். பார்வையாளர் இருக்கையில் ஆயா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேள்வி நேரத்தில் எங்கள் கவுன்சிலர் எழுந்தார். குரல் முதலில் நடுங்கியது. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னார். அங்கே எத்தனை குடும்பங்கள், எந்த இடத்தில் குழாய் விரிசல் விட்டிருக்கிறது, எத்தனை குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் மனுக்களில் எழுதியவைதான் அத்தனையும். சீல் பட்டுப் பெட்டிக்குள் கிடந்த அதே விஷயம் அங்கே எல்லாரும் கேட்க ஒலித்தது. பதில் சொல்ல ஓர் அதிகாரி கோப்பைப் புரட்டினார். பத்திரிகையாளர் வரிசையில் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் மூன்று வரி வந்தது. நைனா படிப்பகத்தில் அதை வாசித்தார். "அத்த இன்னொரு வாட்டி படிப்பா" என்று ஆயா கேட்டார். அவர் மறுபடி வாசித்தார். எங்கள் தெருவின் பெயர் வெட்டுக்குத்து இல்லாமல் அச்சில் வந்தது அதுவே முதல்முறை. சில மாதத்தில் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் பதித்தார்கள். அதிகாரிகளுக்கு எங்கள் குறை முன்பே தெரியும். மனு போய்க்கொண்டுதான் இருந்தது. மன்றத்தில் பேசியவர் மறுநாள் விடிகாலை எங்கள் நடுவே குடத்தோடு நிற்க வேண்டியவர். அதுதான் வித்தியாசம். அரசியல் என்று நான் இன்றைக்கும் நம்புவது இதைத்தான்.

கவுன்சிலர்கள் எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு முன்னால் ஒரு லோடு மணல் இறங்கினாலே ஆள் அனுப்புகிறவர்களைப் பற்றி ஊரே பேசும். எங்கள் வார்டுக்கும் பிற்பாடு அப்படி ஒருவர் வந்தார். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தோம். கெட்டவரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டுவர எங்களால் முடிந்தது. கலைத்துப் போட்ட மன்றத்தில் அந்த வழியே இல்லை.

2003, 2004 வறட்சியில் நகரத்தில் குழாய்கள் காய்ந்துபோயின. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் வெடிப்புவிட்ட தரை தெரிந்தது. எல்லாத் தெருவும் லாரியை நம்பியிருந்தது. நள்ளிரவில் லாரி வரும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஒழுங்குபடுத்த யாராவது வேண்டும். இல்லாவிட்டால் பலசாலிகளே பிடித்துக்கொள்வார்கள். அப்போதைய கவுன்சிலர் லுங்கியோடு வந்து நிற்பார். வயசானவர்களுக்கும் நிறைமாதக்காரிகளுக்கும் முதல் குடம் என்று அவர் வைத்த சட்டத்தை யாரும் மீறவில்லை. 2004-ல் வீராணம் தண்ணீர் வந்து சேரும்வரை எங்கள் தெருவில் தண்ணீருக்காக ஒரு கைகலப்பும் நடக்கவில்லை.

2011-ல் நகரம் விரிந்தது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆயிற்று. வார்டுகள் 155-லிருந்து 200. புறநகர் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சென்னைக்குள் வந்தன. 5 ஆண்டு கழித்து, 2016 அக்டோபரில், அடுத்த தேர்தலுக்கு வேட்புமனுவெல்லாம் தாக்கல் செய்தபிறகு, இடஒதுக்கீட்டு அறிவிப்பில் குறை இருக்கிறதென்று உயர் நீதிமன்றம் தேர்தலை நிறுத்தியது. சில மாதத்தில் நடந்துவிடும் என்று நினைத்தோம். மறுபடி வார்டு வரையறை, மறுபடி வழக்கு, மறுபடி தனி அலுவலர் பதவி நீட்டிப்பு. 2022 பிப்ரவரி வரை, 5 ஆண்டுக்கு மேல், சென்னை மீண்டும் கவுன்சிலர் இல்லாத ஊர் ஆனது. அந்த வெறுமையை நான் இரண்டாவது முறையாகப் பார்த்தேன்.

நகரத்தின் மிகக் கடினமான நாள்கள் அந்த இடைவெளியில்தான் வந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களை வேரோடு சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் மறுபடி வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். வில்லிவாக்கத்தில் இறக்கி, குழாய் வழியே கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் சென்னையின் தாகத்தை எழுதின. கேமராக்கள் எங்கள் பக்கமும் வந்தன. பிளாஸ்டிக் குடங்களின் வரிசை அழகான வண்ணப் படமாக எங்கெங்கோ அச்சானது. உலகத்துக்கே செய்தியாகிவிட்டோம். ஆனால் இன்றைக்கு லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுச் சொல்ல எங்களுக்கு ஓர் ஆள் இல்லை. 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் போட்டால் பதிவு எண் வரும். கர்ப்பிணிக்கு முதல் குடம் கொடு என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. ராயபுரமும் திரு.வி.க. நகரும் தினமும் தொலைக்காட்சியில் எண்களாக ஓடின. மாநகராட்சி ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள்; வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கக் களப்பணியாளர்களை எடுத்தார்கள், தெருமுனைகளில் முகாம் நடத்தினார்கள். அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் சந்துகளைத் தகரம் அடித்து மூடியபோது உள்ளே இருந்தவர்களுக்குப் பால் எப்படி வரும், டயாலிசிஸ் நோயாளியை எப்படி அனுப்புவது என்று அதிகாரியோடு உட்கார்ந்து பேச வார்டுக்கு ஒருவர் தேவைப்பட்டார். படிப்பகம் மூடிவிட்ட அந்த நாள்களில் தெருவுக்கு இருந்த ஒரே செய்தித்தாள் வாட்ஸ்அப் குழு. யாரோ இறந்துவிட்டார்கள் என்று இரவு ஒரு செய்தி வரும். அவர் காலையில் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். வதந்தியை நிறுத்த, எல்லாரும் நம்புகிற ஒரு வாய் வேண்டும். இளைஞர்கள் அந்தப் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். விசாரித்து, உண்மையா என்று பார்த்து, பிறகே குழுவில் போடுவது என்று விதி வைத்தார்கள். ஒரு தெருவுக்கான பத்திரிகையை அவர்கள் நடத்தினார்கள் என்றே சொல்வேன்.

2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தோம். புது மன்றத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கு. திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74-ஆவது வார்டில் ஜெயித்த 28 வயது பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர் ஆனார். அன்று மாலை எங்கள் பகுதியின் பெயர் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. எங்கள் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். மேயர் அங்கி யாருக்கு உரியது என்பதில் அவர்களுக்கு அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் அந்தத் தேர்தலில் சென்னையில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்குள்தான். 5 ஆண்டு காத்திருந்து கிடைத்த ஓட்டைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் போடவில்லை. மன்றம் இல்லாமலே நாள் ஓடும் என்று மக்களைப் பழக்கிவிட்டதன் விளைவு இது.

மன்றம் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் 5, 6 மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் எங்கள் தெருவைக் கூட்டியவர்கள் அவர்கள். பலர் எங்கள் பக்கத்துக்காரர்கள். நடைபாதையைக் காலி செய்ய நீதிமன்ற உத்தரவு வந்தது. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தியது. எங்கள் தெருவின் குழாய்க்காக ஒரு பெண் எழுந்து பேசிய அதே கட்டடத்தின் வாசல் அது. 200 கவுன்சிலர்களை நாம் உள்ளே அனுப்பியது வாசலில் நிற்பவர்களுக்காகவும்தான். உள்ளே போனவர்கள் அதை மறக்கும்போது நினைவூட்டும் வேலை நம்முடையது.

அதற்கு வழியும் இருக்கிறது. வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022-லிருந்து சட்டப்படி நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பெண் எழுந்து, மூடிப்போன படிப்பகத்தை நூலகமாகத் திறந்து கொடுங்கள் என்று கேட்டாள். கையில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கவுன்சிலர் முகத்தைப் பார்த்தே வாசித்தாள், எப்போது பதில் சொல்வீர்கள் என்று தேதியும் கேட்டாள். எனக்கு அந்த வயதில் தனி அலுவலர் என்ற பதவிப் பெயர்தான் பெறுநராகக் கிடைத்தது. அவளுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறார்.

இப்போதைய மன்றத்தின் 5 ஆண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வார்டு வரையறை, கணக்கெடுப்பு, வழக்கு என்று எந்தக் காரணம் வந்தாலும் இந்த நகரம் மூன்றாவது முறை மன்றமில்லாமல் இருக்கக் கூடாது. சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் தெருவில் இறங்குகிற கட்சிகள், மாநகராட்சித் தேர்தல் 5 ஆண்டு தள்ளிப்போனதை நீதிமன்றத்தோடு விட்டுவிட்டன. நாமும் விட்டுவிட்டோம். இனி விடக் கூடாது. உங்கள் வார்டு எண்ணையும் கவுன்சிலரின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். கூடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் தெருவின் பெயரை அந்த மன்றத்தில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லவைப்பது உங்கள் உரிமை.